வங்கியின் உரிமம் ரத்தானால், போட்ட பணம் என்ன ஆகும்?

மும்பை சிகேபி கூட்டுறவு வங்கியின் உரிமத்தை ரிசர்வ் வங்கி 2020 ஏப்ரல் 28 அன்று ரத்து செய்தது. போட்ட பணம் போயே போய்விட்டது என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால், பணம் போட்டிருந்த 1,32,170 பேரில் சுமார் 99.2 சதவீதத்தினருக்கு முழுத் தொகையும் காப்பீட்டிலிருந்து கிடைக்கும் என்று ரிசர்வ் வங்கி அப்போதே தெரிவித்தது. அவர்களுடைய பணம் முடங்கியது அன்றைக்கு அல்ல. அதற்கு ஆறு ஆண்டுகள் முன்பு, 2014-இல், ரிசர்வ் வங்கி கட்டுப்பாடுகள் விதித்தபோது.

முதலில் கட்டுப்பாடு, பிறகே ரத்து

ஒரு வங்கி தள்ளாடுகிறது என்று தெரிந்தால், வங்கி ஒழுங்குமுறைச் சட்டத்தின் 35ஏ பிரிவின்கீழ் ரிசர்வ் வங்கி கட்டுப்பாடுகள் விதிக்கும். புதுக் கடன் தரக் கூடாது, புது டெபாசிட் வாங்கக் கூடாது, வாடிக்கையாளர் இவ்வளவுக்கு மேல் பணம் எடுக்க முடியாது. 2019 செப்டம்பரில் பஞ்சாப் மகாராஷ்டிரா கூட்டுறவு வங்கி (பிஎம்சி) முடங்கியபோது, இந்த வரம்பு முதலில் வெறும் 1,000 ரூபாய்.

வாராக் கடனை வசூலிப்பது, வேறு வங்கியுடன் இணைப்பது எனப் பிழைக்க வழி தேடுவதற்கான அவகாசம் இது. பிஎம்சி, 2022 ஜனவரியில் யூனிட்டி சிறு நிதி வங்கியுடன் இணைக்கப்பட்டது. சிகேபிக்கு அந்த வழி அமையவில்லை. மூலதன விகிதம் குறைந்தபட்சத் தேவையான 9 சதவீதத்துக்கு வரவில்லை; நம்பத்தக்க மீட்புத் திட்டமும் இல்லை. உரிமம் ரத்தானது.

ஐந்து லட்சம்: கணக்கு எப்படி?

உரிமம் ரத்தானதும் கூட்டுறவுச் சங்கங்களின் பதிவாளர் வங்கியைக் கலைக்க உத்தரவிட்டு, கலைப்பு அதிகாரியை நியமிப்பார். அவர் தரும் பட்டியலின்படி, ரிசர்வ் வங்கியின் துணை நிறுவனமான டெபாசிட் காப்பீட்டுக் கழகம் பணம் கொடுக்கும். இதற்கான பிரீமியத்தைக் கட்டுவது வங்கிதான்.

அசலும் வட்டியும் சேர்ந்து ஒருவருக்கு ஒரு வங்கியில் 5 லட்சம் ரூபாய்தான் உச்சவரம்பு. அசல் 4.9 லட்சம், வட்டி 20 ஆயிரம் என்றால் கிடைப்பது 5 லட்சமே. ஒரே வங்கியின் பல கிளைகளில் பிரித்துப் போட்டாலும் எல்லாம் ஒன்றாகவே கூட்டப்படும். வேறு வங்கியில் இருந்தால் தனிக் கணக்கு. அதே வங்கியில் கடன் பாக்கி இருந்தால் அது கழிக்கப்படும்.

வரம்புக்கு மேல் உள்ள தொகைக்கு, வங்கியின் சொத்துகளை விற்றும் கடன்களை வசூலித்தும் என்ன தேறுகிறதோ அதை எதிர்பார்க்க வேண்டியதுதான். அதிலும் காப்பீட்டுக் கழகம் தான் கொடுத்த பணத்தை முதலில் எடுத்துக்கொள்ளும்.

1993 முதல் 1 லட்சமாக இருந்த காப்பீட்டு வரம்பு, பிஎம்சி கொந்தளிப்புக்குப் பிறகு 2020 பிப்ரவரி 4 அன்றுதான் 5 லட்சமானது. சிகேபி மூன்று மாதங்கள் முன்னதாக மூடப்பட்டிருந்தால், அதே வாடிக்கையாளர்களுக்குக் காப்பீட்டிலிருந்து 1 லட்சம் வரைதான் கிடைத்திருக்கும்.

2021 திருத்தம் மாற்றியது என்ன?

முன்பு உரிமம் ரத்தான பிறகே காப்பீடு கைக்கு வரும். கட்டுப்பாட்டுக் காலம் இழுக்க இழுக்க, மருத்துவச் செலவுக்கும் கல்யாணத்துக்கும் சேர்த்த பணம் பெட்டிக்குள்ளேயே கிடக்கும். 2021 செப்டம்பர் 1 முதல் அமலான டெபாசிட் காப்பீட்டுச் சட்டத் திருத்தத்தின்படி, கட்டுப்பாடு விதித்த 90 நாட்களுக்குள் வரம்புக்கு உட்பட்ட தொகையைக் கொடுத்தாக வேண்டும். இணைப்பு முயற்சி நடந்தால் இன்னும் 90 நாட்கள் நீட்டிக்கலாம். உரிமம் ரத்தாகும்வரை காத்திருக்கத் தேவையில்லை.

தமிழக வாசகர்கள் ஒன்றைப் பிரித்தறிய வேண்டும். நகரக் கூட்டுறவு வங்கிகளுக்கும் மாவட்ட மத்தியக் கூட்டுறவு வங்கிகளுக்கும் இந்தக் காப்பீடு உண்டு. ஊரில் இருக்கும் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்துக்குக் கிடையாது. பெயரில் ‘கூட்டுறவு’ இருப்பதை மட்டும் பார்த்துப் பணம் போடாமல், காப்பீடு பெற்ற வங்கிகளின் பட்டியலில் அது இருக்கிறதா என்று காப்பீட்டுக் கழகத்தின் இணையதளத்தில் பார்த்துக்கொள்வது நல்லது.