கரண்டி நிற்கும் மில்க் ஷேக்

கடையில் வாங்கும் மில்க் ஷேக்கில் உறிஞ்சுகுழல் சாயாமல் நிற்கிறது. அதே பாலையும் ஐஸ்கிரீமையும் வீட்டு பிளெண்டரில் போட்டு அடித்தால் மேலே நுரை, கீழே தண்ணீராய்ப் பால். பிள்ளைகள் இரண்டு வாய் குடித்துவிட்டு, "கடையில வாங்கினது மாதிரி இல்லையேம்மா" என்று கிளாஸை நகர்த்தி வைத்துவிடுவார்கள். கெட்டியாகட்டும் என்று நாமும் நான்கு ஐஸ் கட்டிகளைப் போட்டு இன்னும் ஒரு நிமிடம் ஓடவிடுவோம். அது முன்பைவிட நீர்த்துப் போகும்.

இந்தப் பானத்தை உலகுக்குப் பழக்கிய அமெரிக்க 'டைனர்' உணவகங்களில் இதற்கென்று ரகசியப் பொடி எதுவும் இருந்ததில்லை. ஐஸ்கிரீம் நிறைய, பால் கொஞ்சம், ஐஸ் கட்டி அறவே கிடையாது, அடிக்கும் நேரம் மிகக் குறைவு. அவ்வளவுதான். நாம் வீட்டில் செய்வது பெரும்பாலும் இந்த நான்குக்கும் நேர் எதிர்.

மருந்துக்கடையில் பிறந்த சுவை

காய்ச்சலில் படுத்திருப்பவருக்கும் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைக்கும் நம் வீடுகளில் கலக்கிக் கொடுக்கும் ஹார்லிக்ஸ்தான் டைனர் மில்க் ஷேக்கின் மூதாதை என்றால் பலருக்கும் வியப்பாக இருக்கும். இங்கிலாந்திலிருந்து அமெரிக்காவுக்குக் குடியேறிய ஜேம்ஸ், வில்லியம் ஹார்லிக் என்ற சகோதரர்கள், விஸ்கான்சின் மாநிலத்தின் ரசீன் நகரில் தொழில் நடத்தினார்கள். முளைகட்டிய வாற்கோதுமை, கோதுமை மாவு, பால் ஆகியவற்றைச் சேர்த்து உலர்த்திய பொடிக்கு 1883ல் காப்புரிமை பெற்றார்கள். குழந்தைகளுக்கும் நோயாளிகளுக்குமான உணவாகத்தான் அது முதலில் விற்கப்பட்டது.

அந்தக் காலத்து அமெரிக்க மருந்துக்கடைகளில் 'சோடா பவுண்டன்' என்ற பானக் கவுண்டர் இருக்கும். பாலோடு சாக்லேட் சாறும் இந்த மால்ட் பொடியும் கலந்து அங்கே விற்றார்கள். 1922ல் சிக்காகோவில் வால்கிரீன்ஸ் மருந்துக்கடையில் பணியாற்றிய ஐவர் கோல்சன் என்பவர், அதில் வெனிலா ஐஸ்கிரீமையும் சேர்த்து அடித்துக் கொடுத்தார். 1920 முதல் 1933 வரை அமெரிக்காவில் மதுவிலக்கு. மதுக்கடைகள் மூடியிருந்த அந்த ஆண்டுகளில், உட்கார்ந்து பேச மக்களுக்குக் கிடைத்த இடங்களில் ஒன்று இந்தப் பானக் கவுண்டர். ஐஸ்கிரீம் சேர்ந்த மில்க் ஷேக் வேரூன்றியது அங்கேதான். பின்னர் நீண்ட மேசையும் சுழலும் முக்காலிகளும் கொண்ட டைனர்களின் அடையாளமாகவும் ஆனது.

1954ல் கலிபோர்னியாவின் சான் பெர்னார்டினோவில் ஒரு சிறிய உணவகம், ஒரே நேரத்தில் ஐந்து ஷேக் அடிக்கும் இயந்திரங்களை எட்டு வாங்கி வைத்திருந்தது. இத்தனை எதற்கு என்று பார்க்கப் போனார், அந்த இயந்திரத்தை விற்றுவந்த ரே குரோக். அது மெக்டொனால்ட் சகோதரர்களின் கடை. பிறகு நடந்தது உலகறிந்த கதை.

மலேசியாவில் அந்த அமெரிக்கக் கடைக் கலாசாரத்தை முதலில் காட்டியது 1963ல் கோலாலம்பூரில் வந்த ஏ அண்ட் டபிள்யூ. ஆனால் அதன் பெயர்பெற்ற பானம் ரூட் பீர் ஃப்ளோட். அதில் சோடாவின் மேல் ஐஸ்கிரீம் மிதக்கும். மில்க் ஷேக்கில் ஐஸ்கிரீம் மிதப்பதில்லை; பானமே ஐஸ்கிரீம்தான். அதைக் குடிக்கிற பதத்துக்குக் கொண்டுவரத்தான் பால்.

ஐஸ் கட்டி ஏன் கெடுக்கிறது?

ஐஸ்கிரீம் என்பது மிக நுண்ணிய பனித்துகள்கள், கொழுப்பு, காற்றுக் குமிழிகள், உறையாத சீனிப்பாகு ஆகியவை பின்னிக் கிடக்கும் ஒரு கலவை. துகள்கள் நாக்குக்குத் தெரியாத அளவு சிறியவை என்பதால்தான் அது வழுவழுப்பாக இருக்கிறது. மில்க் ஷேக்கின் கெட்டித்தன்மை இந்தக் கலவை கலையாமல் இருப்பதைப் பொறுத்தது.

ஐஸ் கட்டி வெறும் தண்ணீர். உடைத்தாலும் பெரிய பெரிய துகள்களாக நிற்கும். முதல் வாயில் நறநறக்கும், ஐந்தாவது வாயில் தண்ணீராகிவிடும். அதோடு பாலின் சுவையும் போகும்.

அடுத்த எதிரி, வேகமாகச் சுழலும் கத்தி. பிளெண்டர் ஒரு நிமிடம் ஓடினால், உராய்வின் சூட்டிலேயே ஐஸ்கிரீம் உருகத் தொடங்கிவிடும். டைனர் இயந்திரத்தில் கூரிய கத்தி கிடையாது. ஒரு கம்பியின் நுனியில் சிறிய வட்டத் தகடு. அது நீண்ட உலோகக் குவளைக்குள் சுழன்று, ஐஸ்கிரீமை அரைக்காமல் கலக்கி, கொஞ்சம் காற்றையும் ஏற்றும். அந்த உலோகக் குவளையைத்தான் அங்கே மேசைக்கே கொண்டுவந்து வைப்பார்கள். கிளாஸில் ஊற்றியது போக மீதி அதில் சில்லென்று இருக்கும்.

பெட்டியைத் தூக்கிப் பாருங்கள்

பாதி வேலை கடையில் ஐஸ்கிரீம் பெட்டியை எடுக்கும்போதே முடிந்துவிடுகிறது. ஐஸ்கிரீமை லிட்டர் கணக்கில் விற்கிறார்கள். அதில் காற்றும் அடக்கம். அமெரிக்கச் சட்டப்படி 'ஐஸ்கிரீம்' என்ற பெயருக்குக் குறைந்தது 10 விழுக்காடு பால் கொழுப்பு வேண்டும். ஒரு லிட்டர் ஏறக்குறைய 540 கிராமுக்குக் குறையக்கூடாது. சம அளவுள்ள இரண்டு பெட்டிகளைக் கையில் தூக்கிப் பாருங்கள். கனமானதில் காற்று குறைவு. ஷேக் கெட்டியாக வருவதும் அதில்தான். லேசான பெட்டியில் உள்ளதை அடித்ததும் காற்று வெளியேறி, அளவு சுருங்கி, நீர்த்துவிடும்.

அடுத்து, பெட்டியின் பின்புறம் உள்ள பட்டியலைப் படியுங்கள். இங்கே விற்கப்படும் சிலவற்றில் பால் கொழுப்புக்குப் பதிலாகத் தாவரக் கொழுப்பு இருக்கும். மலிவுதான், ஆனால் அந்தப் பால் மணமும் நாக்கில் படியும் வழுவழுப்பும் வேண்டுமென்றால், பாலேடு அல்லது பால் கொழுப்பு பட்டியலின் தொடக்கத்திலேயே உள்ளதை எடுங்கள்.

நம் வெயிலுக்கு இன்னொரு எச்சரிக்கை. பேரங்காடியிலிருந்து காரில் வரும் அரை மணி நேரத்தில் ஐஸ்கிரீம் இளகிவிடும். அதை மறுபடி உறைய வைத்தால் நுண்ணிய துகள்கள் பெரிய பனிக்கட்டிகளாகிவிடும். அதில் ஷேக் அடித்தால் மணல்போல இருக்கும். முழுவதும் உருகியதை மீண்டும் உறைய வைப்பது உடல்நலத்துக்கும் நல்லதல்ல. வீட்டிலிருந்தே குளிர்காப்புப் பை எடுத்துச் சென்று, ஐஸ்கிரீமைக் கடைசியாக வாங்குங்கள்.

செய்முறை

மூன்று சிறிய கிளாஸ் அளவுக்குத் தேவையானவை:

வெனிலா ஐஸ்கிரீம் – 300 கிராம்
முழுக்கொழுப்புப் பால் – 80 மில்லி லிட்டர்
ஹார்லிக்ஸ் அல்லது வேறு மால்ட் பொடி – 2 மேசைக்கரண்டி
வெனிலா எசன்ஸ் – அரை தேக்கரண்டி
உப்பு – ஒரு சிட்டிகை

1. பால் ஐஸ் பெட்டியில் நன்றாகக் குளிர்ந்திருக்க வேண்டும். கிளாஸ்களையும் ஒரு மணி நேரம் முன்னதாக உள்ளே வைத்துவிடுங்கள். எவர்சில்வர் டம்ளர் இருந்தால் இன்னும் நல்லது. அதை ஃபிரீசரிலேயே 20 நிமிடம் வைக்கலாம். கண்ணாடிக் கிளாஸையும் கண்ணாடி பிளெண்டர் குடுவையையும் ஃபிரீசரில் வைக்க வேண்டாம், விரிசல் விடக்கூடும்.

2. ஃபிரீசரிலிருந்து எடுத்த ஐஸ்கிரீம் கல்லாக இருக்கும். அதைக் கீழ்த்தட்டில் 10 நிமிடம் வையுங்கள். கரண்டி சிரமமில்லாமல் இறங்க வேண்டும். ஓரத்தில் உருகி வழியக்கூடாது.

3. முதலில் பாலையும் மால்ட் பொடியையும் உப்பையும் எசன்ஸையும் குடுவையில் கட்டியில்லாமல் கலக்குங்கள். ஐஸ்கிரீமை அதன் பிறகு போடுங்கள். பொடியைக் கடைசியில் போட்டால், அது கரையும்வரை அடிக்க வேண்டிவரும். அதற்குள் எல்லாம் உருகிவிடும்.

4. பிளெண்டரைக் குறைந்த வேகத்தில் ஐந்து விநாடி ஓட்டி நிறுத்துங்கள். கரண்டியால் மேலும் கீழுமாகத் தள்ளிவிட்டு, மறுபடி ஐந்து விநாடி. இப்படி மூன்று நான்கு முறை போதும். இடையிடையே சிறு கட்டிகள் தெரிந்தால் பரவாயில்லை.

5. கத்தி சுற்றியும் கலவை நகரவில்லையா? ஒரு மேசைக்கரண்டி பால் மட்டும் சேருங்கள். பாலைக் கூட்டுவது எளிது; கூடிப்போனதை எடுக்க முடியாது.

கரண்டியைக் கலவையின் நடுவில் நிறுத்திப் பாருங்கள். இரண்டு மூன்று விநாடி நின்று மெல்லச் சாய்ந்தால் பதம் சரி. நீர்த்துவிட்டால், ஐஸ் கட்டி போடாமல் இன்னும் ஒரு கரண்டி ஐஸ்கிரீம் போட்டு ஒரே ஒரு சுற்று ஓட்டுங்கள்.

பிளெண்டர் இல்லாத வீட்டிலும் இதைச் செய்யலாம். கேக் மாவு அடிக்கும் கை மிக்சரில் ஒரே ஒரு துடுப்பை மாட்டி, உயரமான எவர்சில்வர் குவளையில் அடித்தால், டைனர் இயந்திரத்தின் வேலைக்கு மிக அருகில் வரும். பொறுமையிருந்தால் மரக்கரண்டியால் மசித்துக் கலக்கினாலும் போதும்.

நம்மூர்ச் சுவைகள்

அடிப்படை கைவந்துவிட்டால் மற்றதெல்லாம் விருப்பம். மால்ட் பொடிக்குப் பதில் மைலோ போட்டால் சாக்லேட் மால்ட். குலா மலாக்காவைச் சிறிது தண்ணீரில் கெட்டிப் பாகாகக் காய்ச்சி, முழுவதும் ஆறவைத்து, இரண்டு மேசைக்கரண்டி சேர்த்தால் சென்டோல் நினைவு வரும். டுரியான் பருவத்தில் இரண்டு சுளையைக் கொட்டை நீக்கி உறைய வைத்துச் சேர்க்கலாம். மணம் ஒட்டிக்கொள்ளும் என்பதால், பிளெண்டரைக் கழுவும் கவலை உங்களுடையது.

பழம் சேர்ப்பதானால் அதை முன்கூட்டியே துண்டாக்கி உறைய வையுங்கள். உறையாத பழம் தண்ணீரைத்தான் சேர்க்கும். வாழைப்பழமும் மாம்பழமும் நன்றாகச் சேரும். தர்பூசணி ஒத்துவராது. பச்சை அன்னாசியிலும் கிவியிலும் பாலின் புரதத்தைச் சிதைக்கும் நொதிகள் உள்ளதால், சற்று நேரத்தில் கசக்கும்.

பெரிய கிளாஸ் வேண்டாம்

இவ்வளவு சொன்ன பிறகு, இதில் உள்ள சீனியைப் பற்றியும் சொல்லத்தான் வேண்டும். ஐஸ்கிரீமில் 100 கிராமுக்கு ஏறக்குறைய 20 கிராம் சீனி இருக்கும். பெட்டிக்குப் பெட்டி சற்று மாறும். மேற்சொன்ன அளவு முழுவதையும் ஒருவரே குடித்தால், மால்ட் பொடியையும் சேர்த்து 70 கிராமுக்கு மேல் போய்விடும். சேர்க்கப்படும் சீனி ஒரு நாளில் பெறும் சக்தியில் 10 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. பெரியவர் ஒருவருக்கு அது சுமார் 50 கிராம். மலேசியாவில் 2023ன் தேசிய சுகாதார ஆய்வின்படி, பெரியவர்களில் ஆறில் ஒருவருக்கு நீரிழிவு. நம் குடும்பங்களில் அது யார் யாருக்கு என்று நாமே அறிவோம்.

அதற்காக ஐஸ்கிரீமைக் குறைத்து ஐஸ் கட்டியைக் கூட்டி, 'ஆரோக்கியமான' ஷேக் என்று யாருக்கும் பிடிக்காத ஒன்றைச் செய்ய வேண்டியதில்லை. நல்லதைச் செய்யுங்கள், கிளாஸைச் சிறியதாக்குங்கள். மூன்றாகப் பிரித்தால் ஒருவருக்கு ஏறக்குறைய 25 கிராம். அதையும் தாகத்துக்கான பானமாகக் கருதாமல், சாப்பாட்டுக்குப் பின் வரும் பலகாரமாகக் கணக்கில் வையுங்கள். மேலே கிரீமும் சாக்லேட் சாறும் அன்று வேண்டாம்.

நீரிழிவு உள்ள தாத்தாவுக்கும் பாட்டிக்கும் என்ன செய்வது? கனிந்த வாழைப்பழத்தைத் துண்டாக்கி உறைய வைத்து, சீனியில்லாத குளிர்ந்த பாலைக் கொஞ்சமாக விட்டு இதே முறையில் அடித்தால், ஐஸ்கிரீம் இல்லாமலே வழுவழுப்பாகக் கெட்டியாகும். பழத்திலும் பாலிலும் இயற்கையான சர்க்கரை உண்டு என்பதால் அரைப் பழத்துக்கு மேல் வேண்டாம். மருத்துவர் உணவுக் கட்டுப்பாடு சொல்லியிருந்தால், அவரையும் கேட்டுக்கொள்ளுங்கள். எல்லாருக்கும் கையில் ஒரு கிளாஸ் இருந்தால், வீட்டில் யாரும் வேடிக்கை பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியிருக்காது.

ஊற்றியதும் குடித்துவிட வேண்டும். நம் ஊர்ச் சூட்டில் பத்து நிமிடத்துக்கு மேல் எந்த ஷேக்கும் கெட்டியாக நிற்காது. அதனால் எல்லாரும் மேசைக்கு வந்து உட்கார்ந்த பிறகு பிளெண்டரைப் போடுங்கள்.