வலசைப் பறவைகளின் இளைப்பாறுமிடம்

மாணவர்களே! வானளாவிய கட்டடங்கள் நெருங்கி நிற்கும் சிங்கப்பூர்த் தீவின் வடமேற்கு ஓரத்தில், அலையாத்திக் காடுகள் சூழ்ந்த சதுப்புநிலம் ஒன்று உள்ளது. அதுவே சுங்கை பூலோ ஈரநிலக் காப்பகம். மலாய் மொழியில் ‘சுங்கை’ என்பது ஆற்றையும் ‘பூலோ’ என்பது மூங்கிலையும் குறிக்கும்.

காப்பகம் உருவான வரலாறு

முற்காலத்தில் இங்கு இறாலும் மீனும் வளர்க்கும் குட்டைகள் இருந்தன. 1986ஆம் ஆண்டு இயற்கை ஆர்வலர் சிலர், இக்குட்டைகளில் வலசைப் பறவைகள் திரளாகக் கூடுவதைக் கண்டனர். நிலம் அரிதாகிய அத்தீவில் ஒவ்வோர் அடி மண்ணுக்கும் வேறு தேவை காத்திருந்தது. எனினும், இவ்விடத்தைக் காக்குமாறு அவர்கள் அரசிடம் வேண்டினர், அரசும் இசைந்தது. 1993இல் இயற்கைப் பூங்காவாகத் திறக்கப்பட்ட இவ்விடம், 2002இல் சட்டப்படி காப்பகமாக அறிவிக்கப்பட்டது. 2003இல் ஆசியான் மரபுப் பூங்கா என்னும் சிறப்பையும் பெற்றது.

ஓதமும் பறவைகளும்

சைபீரியா போன்ற வடபுலங்களில் குஞ்சு பொரிக்கும் கரைப்பறவைகள், குளிருக்கு அஞ்சித் தெற்கு நோக்கிப் பறக்கின்றன. அவற்றுள் சில ஆஸ்திரேலியா வரை செல்கின்றன. செப்டம்பர் முதல் மார்ச் வரை அவற்றை இங்குக் காணலாம். செந்நிறக் கால்களையுடைய உள்ளான், பொன்னிற உப்புக்கொத்தி முதலியன அவற்றுள் அடங்கும்.

தாழ் ஓதத்தின்போது கடலோரச் சேற்றுவெளி வெளிப்படும். பறவைகள் அங்குப் புழுக்களையும் நண்டுகளையும் உண்ணும். உயர் ஓதத்தின்போது அவ்வெளி நீரில் மூழ்கிவிடும். அப்போது பறவைகள் காப்பகத்தின் குட்டைகளை நாடி வருகின்றன. மதகுகளின் வழியே நீர்மட்டம் கட்டுப்படுத்தப்படுவதால், அங்கு அவை நிற்பதற்கேற்ற ஆழமற்ற பகுதிகள் உள்ளன. ஆகவே, பறவைகளைக் காண விழைவோர் உயர் ஓத நேரத்தை அறிந்து செல்லுதல் நன்று.

காண்போர் கடமை

மரத்தாலான மறைவிடங்களில் அமர்ந்து, சிறு திறப்புகளின் வழியே தொலைநோக்கியால் பார்த்தல் வேண்டும். உரக்கப் பேசுதலும் உணவிடுதலும் கூடா. நீர் உடும்பும் முதலையும் வாழும் இடமாதலால், பாதையை விட்டு விலகுதலும் ஆகாது.

நெடும்பயணத்திற்கு வேண்டிய ஆற்றலைப் பறவைகள் தம் உடலில் கொழுப்பாகச் சேமிக்கின்றன. நாம் எழுப்பும் ஓசையால் அவை அஞ்சிப் பறக்குந்தோறும் அவ்வாற்றல் வீணாகிறது. இளைப்பாற இடமின்றிப் போயின், அவற்றின் பயணம் இடையிலேயே முடிந்துவிடக்கூடும். நம் நாட்டுக் கோடியக்கரைக்கும் சில்கா ஏரிக்கும் செல்லும்போதும் இதனை நினைவிற்கொள்வோம்.

சிந்தித்து விடை எழுதுக

1. உயர் ஓதத்தின்போது பறவைகள் குட்டைகளை நாடுவது ஏன்?
2. மதகுகள் பறவைகளுக்கு எவ்வாறு உதவுகின்றன?
3. உம் ஊரில் உள்ள நீர்நிலை ஒன்றைக் காக்க நீவிர் செய்யக்கூடியன யாவை?