இத்தாலியரின் ‘வா’

தமிழில் ‘வா’ என்பது அருகே அழைக்கும் சொல். இத்தாலிய மொழியில் ‘வா’ என்றால் ‘செல்’ என்பது பொருள். ‘அவன் செல்கிறான்’ என்பதும் பொருள். தமிழில் ‘அந்தோ’ என்பது இரக்கக் குறிப்பு. இத்தாலியத்தில் அதே ஒலியுடைய சொல் ‘அவன் சென்றான்’ என்னும் வினைமுற்று ஆகும். இவை தற்செயலாய் நேர்ந்த ஒலி ஒற்றுமைகளே. இவற்றைக் கொண்டு இரு மொழிகளுக்கும் உறவு கற்பிக்க முற்படுவது வீண்வேலை. எனினும், 1680 இல் வட இத்தாலியின் காஸ்திலியோனே என்னும் ஊரில் பிறந்து, பின்னர்த் தமிழகம் போந்து, ‘தொன்னூல் விளக்கம்’ செய்த வீரமாமுனிவர், தமிழ் கற்கத் தொடங்கிய நாளில் ‘வா’ என்று ஒருவர் அழைத்தபோது, போவதா நிற்பதா என ஒரு கணம் தயங்கியிருப்பாரோ என எண்ணிப் பார்ப்பதில் நமக்கு ஒரு சுவை உண்டு.

அவ் ‘வா’ என்னும் சொல்லின் அகராதி வடிவம் ‘அந்தாரே’ என்பதாகும். ‘செல்லுதல்’ என்பது பொருள். நிகழ்காலத்தில் இவ்வினை இடத்திற்கேற்ப அடையும் வடிவங்களைக் காண்போம். நான் செல்கிறேன்: வாதோ. நீ செல்கிறாய்: வாய். அவன் அல்லது அவள் செல்வது: வா. நாம் செல்கிறோம்: அந்தியாமோ. நீங்கள் செல்கிறீர்கள்: அந்தாத்தே. அவர்கள் செல்கிறார்கள்: வான்னோ.

பகுதி ஒன்றாகவும் விகுதி பலவாகவும் அமைவதே வினையின் இயல்பு எனக் கற்ற நமக்கு இது வியப்பளிக்கிறது. நான்கு வடிவங்களில் ‘வ’கரப் பகுதி, இரண்டில் ‘அந்த்’ என்னும் பகுதி. ஒரு வினைக்கு இரண்டு உடல்கள். பாட நூல்கள் இதனை ஒழுங்கற்ற வினை எனப் பெயரிட்டு, மனப்பாடம் செய்க என்று சொல்லி அமைந்துவிடுகின்றன. மாணவரும் வாய்பாடுபோல் ஒப்புவித்து, தேர்வு முடிந்ததும் மறந்துவிடுகின்றனர். ஒழுங்கற்றது என்னும் அப்பெயரே பிழை என்பது நம் கருத்து.

ஆறு வடிவங்களையும் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தால் உண்மை புலப்படும். இத்தாலியச் சொற்களில் ஓர் அசை மட்டும் ஏனையவற்றைவிட ஓங்கி ஒலிக்கும். அதனை அழுத்தம் என்பர். தமிழில் அழுத்தம் பொருளை வேறுபடுத்துவதில்லையாதலின் நம் செவி அதனை எளிதில் பற்றுவதில்லை. ‘வாதோ’ என்பதில் அழுத்தம் முதலசையாகிய ‘வா’வின் மேல் விழுகிறது. ‘வான்னோ’ என்பதிலும் அவ்வாறே. ‘வா’, ‘வாய்’ என்பன ஓரசைச் சொற்களாதலின் அழுத்தம் வேறெங்கும் செல்ல வழியில்லை. ஆனால் ‘அந்தியாமோ’ என்பதில் ‘யா’வின் மேலும், ‘அந்தாத்தே’ என்பதில் ‘தா’வின் மேலும் அழுத்தம் விழுகிறது. அஃதாவது, அழுத்தம் பகுதியின் மேல் விழுந்தால் ‘வ’கர வடிவம் தோன்றும், விகுதியின் மேல் விழுந்தால் ‘அந்த்’ தோன்றும். இதுவே விதி. இவ்விதியைக் கொண்டு ஏனைய காலங்களுக்குச் சென்றால், மனனம் செய்ய வேண்டுவது பெரிதும் குறைந்துவிடுகிறது. இறந்தகாலங்களிலும் எதிர்காலத்திலும் அழுத்தம் எப்போதும் பின்னே விழுவதால், அங்கெல்லாம் ‘அந்த்’ ஒன்றே ஆட்சி செய்கிறது. ‘வெளியேறுதல்’ என்னும் பொருளுடைய வினையும் இவ்வாறே ‘எஸ்கோ’ (வெளியேறுகிறேன்), ‘உஷ்ஷாமோ’ (வெளியேறுகிறோம்) என உயிர் மாறி நிற்பதைக் காணலாம். அழுத்தம் பெற்ற உயிர் ஒரு வழியிலும், அழுத்தம் பெறாத உயிர் மற்றொரு வழியிலும் நெடுங்காலமாகத் திரிந்ததன் பயனாக அம்மொழியில் ஓர் அச்சு உருவாயிற்று. ‘செல்’ என்னும் பொருளுடைய இரு வேறு வினைகளும் அந்த அச்சில் வந்து விழுந்தன.

இரண்டு வினைகள் வந்தது எங்ஙனம்? இத்தாலியத்தின் தாயாகிய இலத்தீனில் ‘செல்’ என்பதற்கு ‘ஈரே’ என்னும் வினை இருந்தது. அதன் நிகழ்கால வடிவங்கள் ‘எயோ, ஈஸ், இத்’ என மிகக் குறுகியவை. பேச்சில் ஒலிகள் தேயத் தேய, இத்தகைய சிறு சொற்கள் காதில் விழாமலே போயின. எனவே மக்கள் நடத்தல், விரைதல் முதலிய பொருளுடைய பருத்த சொற்களை அவ்விடத்தில் நிறுத்தினர். ‘வாதோ’ வகை வடிவங்கள் ‘வாதெரே’ என்னும் இலத்தீன் வினையின் வழிவந்தவை. ‘அந்தாரே’யின் வேர் யாதென்பதில் அறிஞரிடையே நெடுநாளைய விவாதம் உண்டு. பிரெஞ்சு மொழி இவ்வகையில் இன்னும் ஒரு படி மேலே சென்று, நிகழ்காலத்தில் இரண்டு வேர்களையும் எதிர்காலத்தில் பழைய ‘ஈரே’யின் எச்சத்தையும் சேர்த்து, மூன்று வேர்களால் ஒரு வினையை அமைத்துக்கொண்டது.

நம் கல்லூரியில் அரபு மொழியை விருப்பப் பாடமாகப் பயிலும் மாணவர்க்கு ஈண்டு ஒன்று நினைவுக்கு வரலாம். ‘ஸர்ஃபு’ என்னும் சொல்லிலக்கணத்தில் ‘காலா, யகூலு’ (கூறினான், கூறுவான்) எனத் திரியும் வினைகளை ‘முஃதல்’ என்பர். அவற்றில் திரிபுக்குக் காரணமான எழுத்துகளுக்கு ‘ஹுரூஃபுல் இல்லத்’ என்று பெயர். ‘இல்லத்’ என்னும் சொல்லுக்கு நோய் என்றும் பொருள். காரணம் என்றும் பொருள். நோயுற்ற எழுத்து என்று மட்டும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்து, அச்சொல்லின் மற்றைப் பொருளை விட்டுவிடுகிறோம். தமிழிலும் ‘வந்தான்’ என்பதற்குப் பகுபத உறுப்பிலக்கணம் எழுதும் மாணவர், ‘வா’ பகுதி, அது ‘வ’ எனக் குறுகியது விகாரம் என எழுதி மதிப்பெண் பெற்றுவிடுகின்றனர். ஏன் குறுகிற்று என அவர்களும் கேட்பதில்லை. நாமும் கேட்கத் தூண்டுவதில்லை.

இனி இறந்தகாலம். ‘அந்தாவோ’ என்றால் ‘சென்றுகொண்டிருந்தேன்’ அல்லது ‘வழக்கமாகச் செல்வேன்’. ‘அந்தாய்’ என்றால் ‘சென்றேன்’, நிகழ்ச்சி முடிந்துவிட்டது. பின்னதை வட இத்தாலியர் பேச்சில் பெரும்பாலும் கைவிட்டனர். தென்னாட்டிலும் தஸ்கனியிலும் அது இன்றும் வழங்குகிறது. முன்னதில் ஒரு சிறு வரலாறு உண்டு. பழைய எழுத்து வழக்கில் தன்மை ஒருமையும் படர்க்கை ஒருமையும் ‘அந்தாவா’ என ஒன்றுபோலவே இருந்தன. மான்சோனி என்னும் நாவலாசிரியர் 1827 இல் வெளிவந்த தம் பெருநாவலை 1840 முதல் 1842 வரை திருத்தி வெளியிட்டபோது, பிளாரன்ஸ் நகர மக்களின் பேச்சைப் பின்பற்றித் தன்மை ஒருமைக்கு ஓகார ஈற்றை மேற்கொண்டார். அதன்பின் அதுவே நிலைபெற்றது. மக்கள் நாவிலிருந்ததை ஒரு நல்ல நூல் ஏற்றுக்கொண்டால் இலக்கண நூலார் பின்தொடர்ந்துதானே ஆக வேண்டும்!

எதிர்காலத்தின் பிறப்பு மேலும் சுவையானது. இலத்தீனின் எதிர்கால விகுதிகள் வழக்கொழிந்தபின், மக்கள் ‘செல்ல உடையேன்’ என்பதுபோல் இரு சொற்களால் பேசலாயினர். ‘அந்தாரே’ என்பதும் ‘உடையேன்’ என்னும் பொருளுடைய ‘ஓ’ என்பதும் ஒட்டி, இடையில் உயிர் தேய்ந்து, ‘அந்த்ரோ’ (செல்வேன்) ஆயிற்று. அவ்வாறே ‘உடைத்தாயிருந்தான்’ என்னும் பொருளுடைய ‘எப்பே’ ஒட்டியதனால் ‘அந்த்ரெப்பே’ (செல்லக்கூடும்) என்னும் நிபந்தனை வடிவம் பிறந்தது. இங்கு மாணவர் விழிப்பாயிருத்தல் வேண்டும். ‘அந்த்ரேமோ’ என்றால் ‘செல்வோம்’. ‘அந்த்ரேம்மோ’ என மகரம் இரட்டித்தால் ‘இயன்றால் செல்வோம்’ என்றாகிவிடும். ஒரு மெய்யின் இரட்டிப்பில் உறுதிமொழி வெறும் விருப்பமாகத் தேய்ந்துவிடுகிறது. மனை வேறு, மன்னை வேறு என அறிந்த தமிழ்ச் செவிக்கு இவ்வேறுபாடு கடினமன்று.

இம்மொழி கற்போர் பலரும் அஞ்சுவது ஐயமும் விருப்பும் உணர்த்தும் வினைப்பாங்கையே. ‘அவன் ரோமுக்குச் செல்கிறான் என அறிவேன்’ என்றால் ‘ஸோ கே வா அ ரோமா’. ‘செல்கிறான் என எண்ணுகிறேன்’ என்றால் ‘க்ரேதோ கே வாதா அ ரோமா’. அறிந்தது ‘வா’, எண்ணியது ‘வாதா’. தான் கண்டதற்கும் கருதியதற்கும் உள்ள இடைவெளியைப் பேசுவோன் வினையிலேயே காட்டியாக வேண்டும். இக்காலப் பேச்சில் பலர் இவ்வேறுபாட்டைப் பேணுவதில்லை. அது குறித்து இத்தாலியத் தமிழாசிரியர்கள், மன்னிக்க, இத்தாலிய ஆசிரியர்கள் புலம்புவதும் உண்டு. நமக்கு அவர்கள்மேல் பரிவே தோன்றுகிறது. ‘வாதா’ என்னும் வடிவம் ஒருமையில் தன்மை, முன்னிலை, படர்க்கை மூன்றற்கும் பொது. பெரியவர் ஒருவரையோ அறிமுகமில்லாதவரையோ ‘செல்லுங்கள்’ எனப் பணிவாகச் சொல்ல இதனையே ஏவலாகவும் கொள்வர். நண்பனிடம் ‘வா!’, ஆசிரியரிடம் ‘வாதா!’ மூவிடத்திற்கும் பொதுவாய் நின்று மரியாதையும் உணர்த்தும் நம் வியங்கோள் ‘செல்க’ என்பதன் அருகே இதனை வைத்துக் கற்பித்தால், மாணவர் அச்சம் பாதி நீங்கும்.

முடிந்த செயலைக் கூறும் கூட்டு வினையில் ‘உளேன்’ என்னும் பொருளுடைய ‘ஸோனோ’ துணையாக வருகிறது. ஆண்மகன் ‘ஸோனோ அந்தாத்தோ’ என்பான். பெண்மகள் ‘ஸோனோ அந்தாத்தா’ என்பாள். தமிழில் ‘சென்றேன்’ என்பதனால் கூறியவர் ஆணா பெண்ணா என்பது விளங்காது. இத்தாலியத்தில் திரைக்குப் பின்னிருந்து சொன்னாலும் விளங்கிவிடும்.

இறுதியாக, இவ்வினை பிற வினைகளுக்குத் துணையாகும் முறை ஒன்று உண்டு. ‘வா ஃபாத்தோ’ என்று சொல்லுக்குச் சொல் நோக்கினால் ‘செய்யப்பட்டதாய்ச் செல்கிறது’. அதன் பொருளோ ‘செய்யப்பட வேண்டும்’ என்பதாம். இது நமக்குப் புதிது. ஆனால் இழப்பைக் குறிக்கும் வினைகளோடு வருங்கால் இது முற்றிலும் நம் வழக்காகிவிடுகிறது. ஒரு பழஞ்சுவடி அழிந்துவிட்டது என்பதை இத்தாலியர் ‘அந்தோ பெர்துத்தோ’ என எழுதுவர். நாமும் ‘தொலைந்து போயிற்று’ என்றே சொல்கிறோம். அவ்விடத்தில் மட்டும் அவர்களுடைய ‘அந்தோ’, நம்முடைய ‘அந்தோ’வாகவும் செவியில் விழுகிறது.