ஆயிரமாண்டு மரமும் ஐந்து வேடத் துருவும்

வட அமெரிக்காவின் ராக்கி மலைகளில், மற்ற மரங்கள் ஏறத் தயங்கும் உயரத்தில் நிற்கிறது வெண்பட்டை பைன். முதல் கூம்பு விடவே இருபது, முப்பது ஆண்டு. நிறையக் காய்க்க அறுபதாவது ஆகும். ஆயிரம் ஆண்டைக் கடந்த மரங்களும் உண்டு. அதைச் சாய்க்க வந்திருப்பது குரோனார்ட்டியம் ரிபிகோலா என்ற துருப்பூஞ்சை.

மரத்துக்குப் பொறுமை என்றால் பூஞ்சைக்கு வேடம். ஒரே வாழ்க்கைச் சுற்றில் ஐந்து வகை வித்துகள், இரண்டு வீடுகள்: ஒன்று பைன், மற்றது ரைபீஸ் என்னும் புதர். கோடை முடிவில் ரைபீஸ் புதரின் இலையில் உருவாகும் மெல்லிய வித்து, ஈரக்காற்றில் கொஞ்சதூரம் பறந்து பைன் ஊசியின் இலைத்துளைக்குள் நுழையும். அங்கிருந்து கிளைக்கு, பிறகு அடிமரத்துக்கு. சில ஆண்டு கழித்துப் பட்டை வெடித்து ஆரஞ்சுப் பொடி கொட்டும். அந்தப் பொடி பக்கத்துப் பைனைத் தொற்றாது. ரைபீஸைத் தேடி நூற்றுக்கணக்கான கிலோமீட்டர்கூடப் பறக்கும்.

உயிருள்ள திசுவில்தான் இந்தப் பூஞ்சை வாழும். மரம் செத்தால் அதற்குள்ளிருக்கும் பூஞ்சையும் சாக வேண்டியதுதான். பிறகு ஏன் கொல்கிறது? பழக்கமில்லாத உறவு என்பதால்தான். இதனோடு நெடுங்காலம் பழகிய ஆசியப் பைன்கள் பெரும்பாலும் இதைத் தாங்கிக்கொள்கின்றன. அமெரிக்காவுக்கு இது போனதோ இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ஐரோப்பிய நாற்றங்கால் கன்றுகளோடு. மேற்குக் கரைக்கு 1910இல், பிரான்சிலிருந்து வான்கூவர் வந்த கன்றுகளில்.

புதரை ஒழித்தால் நோய் ஒழியும் என்று கணக்குப் போட்டார்கள். 1930களில் வேலையில்லா இளைஞர்களை அனுப்பி மலைமலையாக ரைபீஸைப் பிடுங்கினார்கள். கிழக்கே ஓரளவு பலன் கிடைத்தது. மேற்கு மலைகளில் மிஞ்சிய வேர் துளிர்த்தது, மண்ணில் உறங்கிய விதை முளைத்தது. 1960களில் கைவிட்டார்கள்.

வெண்பட்டை பைனும் தனித்து வாழத் தெரிந்ததல்ல. கூம்பு தானாகத் திறக்காது. கிளார்க் நட்கிராக்கர் என்னும் பறவைதான் உடைத்து, விதைகளை மண்ணில் புதைத்துவைக்கும். எடுக்காமல் விட்டவை முளைக்கும். துரு பல சமயம் கூம்பு தாங்கும் உச்சிக் கிளைகளை முதலில் காயவைக்கிறது. மரம் உயிரோடு நிற்கும், வாரிசு இருக்காது. கூம்பு குறைந்தால் பறவையும் வேறிடம் பார்க்கும். மரம் சாவதைவிட இதுதான் பெரிய சேதம் என்பேன்.

2022இல் அமெரிக்க அரசு வெண்பட்டை பைனை அச்சுறுத்தலுக்குள்ளான இனமாக அறிவித்தது. சாகும் கூட்டத்தில் தப்பி நிற்கும் மரங்களிலிருந்து விதை எடுத்து, நாற்றுகளைத் துருவின் வித்துக்குக் காட்டிச் சோதிக்கிறார்கள். துருவை எதிர்க்கும் ஒற்றை மரபணுவை மட்டும் நம்ப முடியாது. சுகர் பைன் என்ற இன்னொரு பைன் இனத்தில் அப்படி ஒன்று இருந்தும், அதை வெல்லும் துரு கலிபோர்னியாவில் தோன்றிவிட்டது. தேர்ந்த மரத்தின் விதை கைக்கு வர, கோடைத் தொடக்கத்திலேயே உச்சிவரை ஏறிக் கூம்புகளுக்குக் கம்பிக்கூண்டு மாட்டுகிறார்கள். விட்டால் நட்கிராக்கர் முந்திக்கொள்ளும்.