பாடசாலை நேரத்திலேயே பரிகாரக் கற்பித்தல்

க.பொ.த. சாதாரண தரப் பரீட்சைப் பெறுபேறுகள் வெளியாகும் ஒவ்வொரு தடவையும் கணித பாடத்தில் சித்தியடையத் தவறியோர் பற்றிய கவலை எழுவதும், சில வாரங்களில் அது அடங்கிவிடுவதும் வழமையாகிவிட்டது. உயர்தரத்தில் கலை, வர்த்தக, விஞ்ஞானத் துறைகளில் சேர்வதற்கு, தாய்மொழியும் கணிதமும் உள்ளிட்ட ஆறு பாடங்களில் சித்தியும் அவற்றுள் மூன்றில் திறமைச் சித்தியும் வேண்டும். ஏனைய பாடங்களில் தேறியவர்களும் கணிதம் ஒன்றினால் வாசலிலேயே நின்றுவிடுகின்றனர்.

இதற்குப் பெற்றோர் கண்டுள்ள மாற்று வழி ரியூசன். கட்டணம் செலுத்த இயலாத தோட்டப்புறப் பிள்ளைகளுக்கும், இருள் சூழ்ந்தபின் வெளியே அனுப்பப்படாத பெண்பிள்ளைகளுக்கும், மாலையில் மத்ரஸாவுக்குச் செல்வோருக்கும் அவ்வழி எட்டுவதில்லை. எட்டினாலும், நூறு பேர் நெருங்கியிருக்கும் கொட்டகையில் பின்தங்கிய மாணவன் மீண்டும் பின்வரிசையிலேயே அமர்கிறான்.

நாற்பது மாணவர் உள்ள வகுப்பில் நாற்பது நிமிடப் பாடவேளையைப் பகிர்ந்தால் ஒருவருக்கு ஒரு நிமிடமே கிடைக்கும். நால்வர் கொண்ட குழுவிலோ பத்து நிமிடம். பத்தாந் தரத்தில் சமன்பாடு தீர்க்கத் தடுமாறும் பிள்ளைக்கு உண்மையில் தெரியாதது சமன்பாடன்று. ஏழாந் தரத்தில் நழுவவிட்ட பின்னங்களும் மறை எண்களுமே. அந்த இடைவெளியைக் கண்டறிய மாணவன் தன் கணக்கை வாய்விட்டு விளக்க வேண்டும். ஆசிரியர் அதனைச் செவிமடுக்க வேண்டும். பெருவகுப்பில் இவ்விரண்டும் இயலா.

பரிகாரக் கற்பித்தல் எமது பாடசாலைகளுக்குப் புதியதன்று. ஆனால் பல இடங்களில் அது, பரீட்சை நெருங்கும்போது முழு வகுப்பையும் பாடசாலை விட்டபின் இருத்தி, கடந்தகால வினாத்தாள்களைச் செய்விப்பதாகச் சுருங்கிவிட்டது. ஒரே குறைபாடுடைய மூவர் அல்லது நால்வரைச் சேர்த்து, வாரத்தில் இரண்டு மூன்று பாடவேளைகளை நேரசூசியிலேயே ஒதுக்குவதையே நாம் வலியுறுத்துகிறோம். அதற்காகச் சித்திரத்தையோ விளையாட்டையோ பறித்தல் தகாது. பின்தங்கிய பிள்ளை தலைநிமிரும் இடம் சிலவேளை அது ஒன்றுதான்.

இங்கிலாந்தில் பெருந்தொற்றுக்குப் பின்னர் 2020இல் ஆரம்பித்த தேசியத் திட்டம் 2024இல் முடிவுற்றது. அங்கும் வெளி நிறுவனங்கள் வழியாக நடந்தவற்றைவிட, பாடசாலைகள் தாமே நடத்திய குழுக்களே பெரிதும் பரவின. மாணவரை அறிந்த ஆசிரியரே குழுவையும் நடத்துவது இலகு என்பதில் வியப்பில்லை.

ஆசிரியர் எங்கே என்ற கேள்வி நியாயமானது. கணித ஆசிரியரே இல்லாத பாடசாலையில் குழு பிரிப்பது பற்றிப் பேசுதல் வீண். அங்கு முதலில் நியமனம் வேண்டும். ஏனைய இடங்களில், உயர்தரம் எழுதிவிட்டுப் பல்கலைக்கழக அனுமதிக்குக் காத்திருக்கும் இளைஞர், யுவதிகளை ஆசிரியரின் மேற்பார்வையில் சிறு கொடுப்பனவுடன் ஈடுபடுத்தலாம். காலையில் வகுப்பில் விளக்காததை மாலையில் அதே மாணவருக்குக் கட்டணத்துக்கு விளக்கும் ஆசிரியர்கள் சிலரும் உளர். அவர்களிடம் இக்குழுக்களை ஒப்படைக்குமுன் அதிபர்கள் இருமுறை யோசிப்பது நன்று.