அந்தரத்தில் நிற்கும் சிவப்பு வல்லூறு



மேலநீலிதநல்லூர், சங்கரன்கோவில் பக்கம் மானாவாரிக் கரிசலில் புரட்டாசி, ஐப்பசியில் உளுந்தும் பாசிப்பயறும் மக்காச்சோளமும் விதைக்கிற சமயம், ஒரு பறவையும் வந்து சேரும். புறா அளவுதான் இருக்கும். எடை சுமார் 200 கிராம். வாடைக்காற்றுக்கு முகம் கொடுத்து, சிறகைப் படபடவென்று அடித்துக்கொண்டு பனை உயரத்தில் ஒரே இடத்தில் நிற்கும். உடம்பு ஆடினாலும் தலை அசையாது. கீழே ஏதாவது நகர்ந்தால் கொஞ்சம் இறங்கிப் பார்க்கும். பிறகு கல் விழுந்த மாதிரி விழும். இதுதான் சிவப்பு வல்லூறு.

"கோழிக்குஞ்சு தூக்க வந்துட்டுது" என்று இதன்மேல் கல்லெறிகிறவர்கள் உண்டு. அது அநியாயம். குஞ்சு தூக்குவது பெரும்பாலும் பருந்தும் வைரியும். வைரி மரத்து மறைவிலிருந்து பாயுமே தவிர அந்தரத்தில் நிற்காது. நம்ம பறவையில் ஆணுக்குத் தலையும் வாலும் சாம்பல், முதுகு செங்கல் நிறம். பெண்ணுக்குப் பழுப்பு உடம்பில் கறுப்புக் கோடுகள்.

இது தின்பது வெட்டுக்கிளி, ஓணான், சுண்டெலி. ஐரோப்பாவில் ஒரு பறவை நாளொன்றுக்கு 4 முதல் 8 எலி தின்னும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அதெல்லாம் சின்ன வயல் எலிதான். பெருச்சாளியை அடக்க இதால் ஆகாது; ராத்திரி எலிக்கு ஆந்தைதான் ஆள்.

இங்கே வருபவை இமயமலையிலிருந்தும் அதற்கு அப்பாலிருந்தும் வருகின்றன. மேற்குத் தொடர்ச்சி மலையில் வருஷம் பூராவும் தங்குகிற வகையும் உண்டு. கூடு கட்டத் தெரியாது. பாறை விளிம்பில் முட்டையிடும். அடைகாக்க ஒரு மாதம். அந்த நாளெல்லாம் ஆண்தான் இரை கொண்டுவந்து கொடுக்கும்.

இதற்கு எமன் நாம் வைக்கிற எலிமருந்து. புரோமடியோலோன் கட்டி தின்ற எலி உடனே சாகாது. சில நாள் தள்ளாடும். பகலிலேயே வெட்டவெளிக்கு வரும். மேலே நிற்கிறதுக்கு அதைவிடச் சுலபமான இரை ஏது? இங்கிலாந்தில் செத்துக் கிடந்த இதே இனப் பறவைகளைச் சோதித்தபோது பலவற்றின் ஈரலில் எலிமருந்து இருந்தது. ஆகவே மருந்தை வரப்பில் இறைக்காமல், எலி குடியிருக்கிற வளைக்குள் வைத்து வாயை மூடுங்கள். தினம் காலையில் ஒரு சுற்று சுற்றி, செத்த எலியைப் பொறுக்கி ஆழமாய்ப் புதையுங்கள்.

மருந்துச் செலவைக் குறைக்கவும் வழியுண்டு. பயிருக்கு மேலே ஓரடி உயர்ந்து நிற்கிற மாதிரி, குறுக்குக் கட்டை வைத்த பறவைத் தாங்கியை ஏக்கருக்கு 20 நடுங்கள். காய்ந்த குச்சி போதும். பகலில் கரிச்சானும் வல்லூறும் உட்காரும், ராத்திரி ஆந்தை. மக்காச்சோளம் பால் பிடிக்கும்போது மட்டும் எடுத்துவிடுங்கள், கிளியும் அதில்தான் வந்து உட்காரும். பங்குனி வாக்கில் வல்லூறு வடக்கே கிளம்பிவிடும். உளுந்துக் காட்டில் நட்ட தாங்கியை அதற்காகப் பிடுங்க வேண்டியதில்லை. ஆந்தை கோடையிலும் வரும்.