மாரடைப்புக்குப் பிறகு மிதிவண்டியா?



நம் குடும்பங்களில் ஒருவருக்கு மாரடைப்பு ஏற்பட்டு, அல்லாஹ்வின் கருணையால் பிழைத்து வீடு திரும்பிவிட்டால், அதன் பிறகு நடப்பதை நீங்கள் அறிவீர்கள். கூடத்தில் ஒரு சாய்வு நாற்காலி போடப்படுகிறது. மாடி ஏறாதீர்கள், கடைக்குப் போகாதீர்கள், பேரப்பிள்ளையைத் தூக்காதீர்கள் என்று நாலாபுறமிருந்தும் அன்புக் கட்டளைகள் பிறக்கின்றன. அடுத்த தெருவிலுள்ள பள்ளிவாசலுக்குக்கூட ஆட்டோ வந்து நிற்கிறது. ஆறு மாதங்களில் கால்கள் மெலிகின்றன, வயிறு முன்தள்ளுகிறது, மனிதர் பேச்சைக் குறைத்துக்கொள்கிறார். இதயத்தைக் காப்பதாக எண்ணி நாம் செய்வது அதே இதயத்திற்குப் பகையாக முடிகிறது.

இப்படிப்பட்ட ஒருவர் ஒரு நாள், "எனக்கு மின்சார சைக்கிள் ஒன்று வாங்க வேண்டும்" என்று சொன்னால் வீட்டில் இரண்டு விதமான எதிர்ப்பு எழும். இதய நோயாளிக்குச் சைக்கிளா என்று ஒருவர் அஞ்சுவார். மோட்டார் இழுக்கும் வண்டியில் உட்கார்ந்து போவது என்ன உடற்பயிற்சி என்று மற்றொருவர் நகைப்பார். இந்த இரண்டு எதிர்ப்புகளையும் சற்று நிதானமாக ஆராய்வோம்.

முதலில் அச்சத்தைப் பார்ப்போம். ஒரு காலத்தில் மருத்துவ உலகமே இந்த அச்சத்தில்தான் இருந்தது. மாரடைப்பு கண்டவரை வாரக்கணக்கில் படுக்கையிலிருந்து எழவே விடமாட்டார்கள். 1955ஆம் ஆண்டு செப்டம்பரில் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஐசனோவருக்கு மாரடைப்பு வந்தது. அவரைக் கவனிக்க அழைக்கப்பட்டவர் பாஸ்டன் நகரத்து இதய மருத்துவர் பால் டட்லி ஒயிட். நடப்பதும் மிதிவண்டி ஓட்டுவதும் இதயத்திற்கு நல்லது என்று ஓயாமல் எடுத்துரைத்தவர் அவர். தாமும் முதிய வயதுவரை மிதிவண்டி ஓட்டியவர். ஐசனோவர் தேறியெழுந்து, மறு ஆண்டுத் தேர்தலில் வென்று, 1961 வரை பதவி வகித்தார். பாஸ்டனில் சார்ல்ஸ் ஆற்றங்கரையிலுள்ள மிதிவண்டிப் பாதைக்கு அந்த மருத்துவரின் பெயரையே இட்டிருக்கிறார்கள். ஆகவே, மாரடைப்பு கண்டவர் அளவறிந்து உழைக்கலாம் என்பது நேற்று வந்த புதுமையன்று. உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட நெறிமுறைகள், நாட்பட்ட நோயுடையவர்களும் இயன்றால் வாரத்திற்கு 150 நிமிடங்களாவது நடுத்தர உழைப்பில் ஈடுபடுவது நலம் என்கின்றன.

இதில் "அளவறிந்து" என்ற சொல்லில்தான் சிக்கல் இருக்கிறது. சாதாரண மிதிவண்டி நம் அளவை அறியாது. சாலை கேட்பதை நம்மிடம் கேட்கும். ஒரு கணக்கைப் பாருங்கள். 75 கிலோ எடையுள்ள ஒருவர் 22 கிலோ எடையுள்ள வண்டியில் மணிக்கு 12 கிலோமீட்டர் வேகத்தில் சமதரையில் செல்ல ஏறத்தாழ 40 வாட் உழைப்பு போதும். நிதானமாக நடப்பதைப் போன்றதுதான். அதே வேகத்தில், 100 அடிக்கு 3 அடி உயரும் ஏற்றத்தில் செல்ல 130 வாட் வேண்டும். கண்ணுக்கு ஏற்றம் என்றே தெரியாத ஏற்றம், இதயத்திடம் மூன்று மடங்கு கேட்கிறது! ஆரோக்கியமானவர் இதைப் பொருட்படுத்தமாட்டார். தமனியில் அடைப்பு உள்ளவருக்கோ நெஞ்சுவலி தொடங்கும் இடமே அதுவாக இருக்கலாம். மின் மிதிவண்டி செய்வது இவ்வளவே: அந்தக் கூடுதல் 90 வாட்டை மோட்டாரிடம் ஒப்படைக்கிறது. நம் பங்கு 40 வாட்டாகவே நிற்கிறது. கால் மிதித்துக்கொண்டேயிருக்கிறது, இதயம் மட்டும் திடீரென்று விரட்டப்படுவதில்லை.

இனி நகைப்பவருக்கான விடை. சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் அதிக எடையுள்ளவர்களை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினரைச் சாதாரண மிதிவண்டியிலும் மற்றொரு பிரிவினரை மின் மிதிவண்டியிலும் நான்கு வாரங்கள் வேலைக்குச் சென்று வரச் செய்து ஆராய்ந்தார்கள். 2018இல் வெளியான அதன் முடிவு: இரு பிரிவினரின் உடல்திறனும் ஏறத்தாழ ஒரே அளவில் உயர்ந்தது. சிறிய ஆய்வு அது. பங்கேற்றவர்கள் இதய நோயாளிகளும் அல்லர். ஆயினும், மோட்டார் உதவியோடு மிதிப்பதும் உழைப்பே என்பதற்கு அது சான்று. ஒரு நிபந்தனை உண்டு: மிதிக்க வேண்டும். நம் நாட்டில் விற்கும் பல வண்டிகளில் மோட்டார் சைக்கிளைப் போல் கைப்பிடியில் திருகும் முடுக்கியும் இருக்கிறது. அதையே திருகிக்கொண்டு போனால் நகைப்பவர் சொல்வது மெய்யாகிவிடும்.

என் அக்காளின் கணவருக்கு வயது ஐம்பத்தெட்டு. பாலக்கரையில் சிறு கடை வைத்திருக்கிறார். இரத்தக் குழாயில் இரண்டு ஸ்டென்ட் பொருத்தப்பட்டவர். பொன்மலை இரயில்வே பணிமனைச் சங்கு ஊதும் நேரத்தில் சாலையை நிறைத்துச் செல்லும் சைக்கிள்களைப் பார்த்து வளர்ந்த தலைமுறை அவருடையது; அவருடைய அத்தாவும் அந்தக் கூட்டத்தில் ஒருவர். மச்சான் மின் மிதிவண்டி கேட்டபோது அக்கா ஒரே வார்த்தையில் மறுத்துவிட்டார். அவர் அஞ்சியதில் நியாயம் இருந்தது. மாரடைப்பு வந்த இரவுக்குப் பிறகு பல மாதங்கள், கணவர் மூச்சு விடுகிறாரா என்று இருட்டில் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டே படுத்திருந்தவர் அவர். "உங்களுக்குச் சைக்கிள் ஆசை, எனக்குத் தூக்கம் போன கவலை" என்று அவர் சொன்னபோது எங்களில் யாருக்கும் பதில் வரவில்லை.

வாதம் செய்து அந்தக் கவலையைத் தீர்க்க முடியாது. இருவருமாக இதய மருத்துவரிடம் சென்றார்கள். எக்கோ, டிரெட்மில் பரிசோதனை இரண்டும் செய்யப்பட்டன. எந்த அளவு உழைப்புவரை நெஞ்சுவலியோ துடிப்பு மாற்றமோ இல்லை என்பதை மருத்துவர் அக்காவுக்கும் விளங்கச் சொல்லி, அந்த எல்லைக்கு வெகு கீழே நின்று ஓட்ட அனுமதித்தார். அக்காவும் தம் பங்குக்கு மூன்று நிபந்தனைகள் விதித்தார்: தலைக்கவசம், சட்டைப் பையில் கைப்பேசி, போகும் வழியை முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போவது. மச்சான் மறுபேச்சின்றி ஒப்புக்கொண்டார்.

இதைப் படிக்கும் நீங்களும் அந்தப் பரிசோதனைக்கு முன் வண்டிக் கடைக்குப் போகாதீர்கள். எல்லா இதய நோயும் ஒன்றல்ல. ஓய்வாக இருக்கும்போதே நெஞ்சுவலி வருபவர், இதய வால்வு மிகவும் சுருங்கியவர், இதயத் தசை தடித்தவர், கால் வீங்கி மூச்சு வாங்குபவர், இரத்த அழுத்தம் கட்டுக்குள் வராதவர் ஆகியோருக்கு இந்தக் கட்டுரை பொருந்தாது. பைபாஸ் அறுவை செய்துகொண்டவருக்கு மார்பெலும்பு கூடவே ஏறத்தாழ மூன்று மாதங்கள் ஆகும். அதற்குள் சாலையில் விழுந்தால் என்னாவது? பேஸ்மேக்கர் உள்ளவர்கள், மோட்டாரும் மின்கலமும் உள்ள வண்டி என்பதைச் சொல்லியே மருத்துவரிடம் அனுமதி கேட்க வேண்டும்.

மாத்திரைகள் பற்றியும் இரண்டு செய்திகள். மெட்டோபுரோலால் போன்ற மாத்திரைகள் நாடித் துடிப்பை ஏறவிடாமல் பிடித்து வைக்கும். ஆகவே, கைக்கடிகாரம் காட்டும் எண்ணை நம்பி, துடிப்பு குறைவாகத்தானே இருக்கிறது என்று மேலும் மேலும் மிதிப்பது ஆபத்து. அதைவிட எளிய அளவுகோல் நம் நாவிலேயே இருக்கிறது. மிதித்துக்கொண்டே ஒரு முழு வாக்கியத்தைத் தடையின்றிப் பேச முடிய வேண்டும். சொற்கள் உடைந்து வந்தால் மோட்டாரின் உதவியைக் கூட்டுங்கள், அல்லது நின்றுவிடுங்கள். (குர்ஆன் ஓதிப் பழகியவர்களுக்கு மூச்சின் கணக்கை நான் சொல்லித்தர வேண்டியதில்லை.) இரண்டாவது, ஆஸ்பிரின், குளோபிடோகிரெல் போன்றவை இரத்தம் உறைவதைத் தடுப்பவை. இவற்றை உண்பவர் விழுந்து தலையில் அடிபட்டால், வெளியில் காயம் இல்லாவிட்டாலும் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். ஓட்டும்போது நெஞ்சில் இறுக்கமோ, இடது கையிலோ தாடையிலோ வலியோ தோன்றினால் வண்டியை நிறுத்தி உட்கார்ந்து, நாவின் அடியில் வைக்க மருத்துவர் தந்திருக்கும் மாத்திரையை அவர் சொன்னபடி பயன்படுத்துங்கள். வலி ஐந்து நிமிடத்தில் நீங்காவிட்டால் 108ஐ அழையுங்கள். வீடு போய்ச் சேர்ந்துவிடலாம் என்று மிதிக்கத் தொடங்காதீர்கள்.

வண்டியைத் தேர்ந்தெடுக்கும்போது

மோட்டார் 250 வாட்டுக்குள்ளும், வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்குள்ளும் அடங்கும் மின் மிதிவண்டியை நம் நாட்டு விதிகள் மோட்டார் வாகனமாகக் கருதுவதில்லை. ஓட்டுநர் உரிமமும் பதிவும் தேவையில்லை. இதற்கு மேற்பட்ட திறனுள்ளதைக் கடைக்காரர் புகழ்ந்தாலும் நமக்கு வேண்டாம். மோட்டாரை இயக்கும் உணர்கருவி இருவகைப்படும். ஒன்று, மிதிகட்டை சுழல்கிறதா என்று மட்டும் பார்த்து உந்தும். சில வண்டிகளில் இந்த உந்துதல் திடீரென்று வந்து புதியவரைத் தடுமாறச் செய்யும். மற்றொன்று, கால் எவ்வளவு அழுத்துகிறது என்பதை அளந்து அதற்கேற்ப உதவும். ஓட்டம் சீராக இருக்கும், விலை கூடும். வாங்குமுன் இரண்டையும் ஓட்டிப் பாருங்கள்.

எடையை மறவாதீர்கள். இவ்வகை வண்டிகள் பல 20 கிலோவைத் தாண்டும். நான்கு படி உயரத் திண்ணையுள்ள வீட்டில் தினமும் அதைத் தூக்கி ஏற்றுவது, ஓட்டுவதைவிட இதயத்திற்குப் பெருஞ்சுமை. மூச்சைப் பிடித்துக்கொண்டு பாரம் தூக்கும்போது இரத்த அழுத்தம் சட்டென்று எகிறும். மரப்பலகையால் ஒரு சரிவு அமையுங்கள். அல்லது வீட்டு இளைஞர் ஒருவரிடம் அந்தப் பொறுப்பை விடுங்கள். மின்கலம் பாதிக்குக் கீழே இறங்கினால் வீட்டை நோக்கித் திரும்புவதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள். மின்கலம் தீர்ந்த வண்டி, சாதாரண மிதிவண்டியைவிடக் கனமான மிதிவண்டி, அவ்வளவுதான்.

திருச்சியின் சாலைகளும் காற்றும்

காவிரிக்கும் கொள்ளிடத்திற்கும் இடையே ஒரு தீவாகக் கிடக்கும் ஸ்ரீரங்கம், தொடக்கக்காரருக்கென்றே அமைந்த சமதரை. சத்திரம் பேருந்து நிலையத்திலிருந்து 1976இல் கட்டப்பட்ட காவிரிப் பாலத்தைக் கடந்தால் மாம்பழச் சாலை. அங்கிருந்து மேற்கே அம்மா மண்டபம், கிழக்கே திருவானைக்காவல். முதல் சில வாரங்கள் இந்தத் தீவுக்குள்ளேயே, காலை நேரத்தில், பதினைந்து இருபது நிமிடங்கள் ஓட்டினால் போதும். பாலத்தின் இரு முனைகளிலுமுள்ள ஏற்றத்திற்கு வருமுன்பே மோட்டாரின் உதவியைக் கூட்டிவிடுங்கள். மூச்சு வாங்கிய பிறகு கூட்டுவது காலந்தாழ்ந்த செயல்.

ஏற்றத்தைவிட வஞ்சகமானது நம் ஊர்க் காற்று. ஆனி, ஆடி மாதங்களில் மேற்கிலிருந்து வீசும் காற்றின் வலிமையைத் திருச்சிவாசிகளுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்நாட்களில் கிழக்கே கல்லணைத் திசையில் புறப்பட்டால் காற்று முதுகில் தள்ளும், பறப்பது போலிருக்கும், வெகுதூரம் போய்விடுவோம். திரும்பும்போது களைத்த கால்களோடும் குறைந்த மின்கலத்தோடும் எதிர்காற்றைச் சந்திக்க நேரும். எதிர்த்து வரும் காற்றின் வேகம் இருமடங்கானால் அதன் தடை நான்கு மடங்காகும். ஆகவே, இதய நோயாளி ஆடியில் மேற்கே முக்கொம்புத் திசையில் புறப்பட வேண்டும். முக்கொம்புவரை செல்வது அவசியமில்லை. எவ்விடத்தில் திரும்பினாலும் வீடு வரைக்கும் காற்று துணை வரும். மச்சான் இதைக் காற்றாடி விட்ட பிள்ளைப் பருவத்திலேயே அறிந்திருந்ததாகப் பெருமை பேசுகிறார்!

ஃபஜ்ருத் தொழுகைக்குப் பின்னுள்ள நேரம் குளிர்ச்சியானது, போக்குவரத்தும் குறைவு. ஆனால், காலைப் பொழுதில்தான் மாரடைப்புகள் மிகுதியாக நேர்கின்றன என்பதை மருத்துவம் 1980களிலிருந்தே அறியும். எழுந்தவுடன் வண்டியில் ஏறாமல், தண்ணீர் அருந்தி, மாத்திரை உண்டு, பள்ளிவாசலுக்கு நடந்து சென்று திரும்பிய உடலோடு ஏறுவது ஏற்றது. முதல் ஐந்து நிமிடங்களும் கடைசி ஐந்து நிமிடங்களும் மிக மெதுவாகச் செல்லுங்கள். சித்திரை, வைகாசியில் வெயில் ஏறுமுன் வீடு சேர்ந்துவிட வேண்டும்.

இதய நோய் ஆண்களுக்கு மட்டும் உரியதன்று. நீரிழிவும் இரத்த அழுத்தமும் கொண்ட நம் வீட்டுப் பெண்கள் பலர், மூச்சிரைப்பை வயதின் மீது பழி போட்டு மறைத்துக்கொள்கிறார்கள். 1990களின் தொடக்கத்தில், பக்கத்து மாவட்டமான புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கத்தின்போது ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் கற்றார்கள். அவர்களில் முஸ்லிம் பெண்களும் இருந்தனர். அன்று இருபது வயதில் கற்றவர்களுக்கு இன்று ஐம்பதைத் தாண்டிவிட்டது. பழகிய கால்கள் மறப்பதில்லை. ஆடை சக்கரத்தில் சிக்காதபடி சங்கிலிக்கும் பின்சக்கரத்திற்கும் மறைப்புள்ள, நடுவில் குறுக்குக் கம்பி இல்லாத வண்டி அவர்களுக்கு ஏற்றது.

ரமளானைப் பற்றி ஒரு சொல். நோன்பு நோற்கலாமா, மாத்திரைகளை ஸஹருக்கும் இஃப்தாருக்கும் எப்படிப் பிரித்துக்கொள்வது என்பதை ஷஅபான் மாதத்திலேயே மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்துவிடுங்கள். நோன்பு நாளின் மாலையில் உடலில் நீர் வற்றியிருக்கும். அந்நேரம் வண்டி வேண்டாம். இஃப்தார் முடித்த உடனேயும் வேண்டாம். ஓட்டியே ஆக வேண்டுமென்றால் தராவீஹுக்குப் பள்ளிவாசல்வரை, உதவியைக் கூட்டி வைத்து, தெரு விளக்கு உள்ள வழியாகச் சென்று வரலாம். மச்சான் சென்ற ரமளானில் அப்படித்தான் சென்று வந்தார். அக்கா வாசலில் நிற்பதை விட்டுவிட்டு, உள்ளே ஸஹருக்கான சமையலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.